ஈயம் கழற்றிய நாள்

ஏழு கிலோ.
பதினோரு ஆண்டாகத் தோளில் மாட்டி
இடுப்பில் இறுக்கிக் கட்டியது.
கழுத்துக்குத் தனியே ஒரு பட்டை, அதுவும் ஈயம்.
இன்று கொக்கியில் தொங்குகிறது,
என் உடம்பின் வளைவை மறக்காமல்,
யாரோ உள்ளே நின்றுகொண்டு
தலையை மட்டும் எங்கோ வைத்துவிட்டதுபோல.

லூபெக்கில் நவம்பர்.
ஏழு மணியாகியும் விடியவில்லை.
மேசையில் ஹின்னெர்க் ப்ரோடர்சன், எழுபத்தொன்று.
இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்
இடுப்புக்கு மேலே ஓயாமல் பேசுகிறார்.
மாநகராட்சியில் நாற்பது வருஷம்
நிலத்தடிச் சாக்கடைக்குள் கேமரா விட்டவர்.
"நீங்களும் நம்ம தொழில்தானா டாக்டர்?"
ஆமாம் என்றேன்,
ஆனால் கேமரா கிடையாது.
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

எக்ஸ்ரேவும் கிடையாது, இன்று.
இருப்பது ஒரு கண்ணாடி இழை,
தலைமயிர் கனம்.
ஒரு முனையில் ஒளியை விட்டால்
வழிநெடுக அதில் கொஞ்சம் கொஞ்சம் திரும்பிவரும்,
இங்கே வளைந்தேன், இவ்வளவு வளைந்தேன் என்று.
அந்த வாக்குமூலங்களைக் கோத்து
இயந்திரம் வரைகிறது நீலமாய் ஒரு கோடு.
சென்ற வாரம் எடுத்த ஸ்கேன் படத்துக்குள்
அது ஊர்ந்து ஏறுகிறது.

பக்கத்தில் வீப்கே, ஆறு மாதம்.
ஜூனிலிருந்து அவள் வேலை கண்ணாடிக்கு அந்தப்பக்கம்,
ஒலிபெருக்கியில் ஒரு குரலாக மட்டும்.
இன்று கம்பிகளை அவளே எடுத்துத் தருகிறாள்.
வயிறு மேசை விளிம்பில் முட்டும்போதெல்லாம்
மேசையிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

தொடையில் துளை.
முதல் வளைவு எளிது.
இரண்டாவது ஆட்டுக்கொம்பு.
அதைத் தாண்டினால் பெருந்தமனி,
ஒரு பக்கம் புடைத்த சைக்கிள் டியூப் மாதிரி
ஐந்தரை சென்டிமீட்டர் வீங்கி.

கொம்பின் திருப்பத்தில்
கோடு சுவரைத் தாண்டியது.
இரண்டு மில்லிமீட்டர்.
விரல் சொன்னது: உள்ளேதான் இருக்கிறாய்.
திரை சொன்னது: வெளியே.
விரலுக்குப் பதினோரு வயது.
திரைக்கு அன்றுதான் முதல் நாள்.
இரண்டையும் நான் நம்பவில்லை.

"ஒரே ஒரு படம்" என்றேன்.
வீப்கே ஏற்கனவே கம்பியைக் கீழே வைத்திருந்தாள்.
எங்களில் எவர் மேலும் ஈயம் இல்லை;
குழாய்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு
எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் போனோம்.
"எங்கே போறீங்க எல்லாரும்?"
ஒலிபெருக்கியில் ப்ரோடர்சன்.
மூன்று நொடி
அந்த அறையில் அவர் மட்டும்.

சாயம் பாய்ந்து கறுப்பாய் விரிந்தது தமனி.
அதன் நடுவே பத்திரமாய்க் குழாய்.
கோடு பொய் சொல்லவில்லை.
நாங்கள் செலுத்திய விறைப்பான கம்பி
கொம்பையே கொஞ்சம் நிமிர்த்தியிருந்தது;
தமனி நகர்ந்துவிட்டது,
படம் சென்ற வாரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன்.
சிரிக்காதீர்கள், வயிறு அசைகிறது என்றும் சொன்னேன்.
"எங்க வரைபடமும் அப்படித்தான் டாக்டர்,
தெரு ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம்.
கேமரா காட்டினா நான் கேமராவைத்தான் நம்புவேன்."
அப்புறம், மெதுவாக:
"வேர் ஏதும் இருந்துச்சா உள்ளே?"
இல்லை என்றேன். வெறும் வீக்கம்.
லிண்டன் மரத்து வேர்தான் மோசம், என்றார்,
அது ஈரத்தை மோப்பம் பிடித்து வரும்.

துணிக்குழாய் விரிந்து
வீக்கத்துக்குள் உட்கார்ந்தபோது மணி பத்து.
கதிர்வீச்சு நேரம் என்ற கட்டத்தில்
வழக்கமாகப் பதினெட்டு, இருபது நிமிஷம் எழுதுவேன்.
வீப்கே எட்டிப் பார்த்தாள்.
மூன்று நொடி என்று எழுதினேன்.
"பூஜ்யம் வரும்னு நினைச்சேன்" என்றாள்.
நானும்தான்.

கை கழுவிவிட்டு வெளியேறினேன்.
கொக்கியைக் கடக்கும்போது
தோள் தானாக ஒருமுறை தாழ்ந்தது.